பௌத்தத்தை எங்கே தொடங்குவது? தறியில்தான்

பௌத்தத்தை எங்கிருந்து தொடங்குவது? ஆரணியிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் இளைஞர்கள் நம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வீட்டுச் சுவரில் பாபாசாகேப் படம் இருக்கிறது. பக்கத்தில் புத்தர் படமும் வந்துவிட்டது. அக்டோபர் 14 அன்று கூடி நின்று 22 உறுதிமொழிகளை வாசிக்கிறோம். சரி, மறுநாள் காலையில் என்ன செய்வது? அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பத்து நாள் தியான முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள். கூலித்தறி ஓட்டுகிறவர் பத்து நாள் தறியை நிறுத்தினால் அந்த மாதம் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். பாலி கற்கச் சொல்கிறார்கள். நல்லதுதான், ஆனால் முதல் படியே அவ்வளவு உயரமாக இருந்தால் யார் ஏறுவார்கள்? நாங்களும் தொடக்கக்காரர்கள்தான். ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைப் பக்கம் பக்கமாக வாசித்து வருகிறோம். அதில் எங்களுக்குப் பட்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பௌத்தம் நமக்குப் புதிதாக எங்கிருந்தோ வந்த சரக்கு அல்ல. பூண்டியையும் திருமலையையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சமணத்தின் தடம் தெரியும். பௌத்தத்தின் தடத்தைத்தான் மறந்துவிட்டோம். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும், கடல் கடந்து ரங்கூனிலும் டர்பனிலும் இயங்கின. தங்கவயலின் சுரங்கங்களுக்கு இறங்கியவர்களில் பெரும் பகுதி நம் வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் உழைத்துவிட்டு மேலே வந்து ‘தமிழன்’ இதழை வாசித்தவர்கள் அவர்கள். ஓய்வு கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் தம்மம் என்று நம் பாட்டன்மார் நினைத்திருந்தால் அந்தச் சங்கங்கள் எழுந்தே இருக்காது.

எண்வழிப் பாதையில் ஏழாவது ‘சம்மா சதி’. தமிழில் இதை நற்கடைப்பிடி என்பார்கள். செய்வதை அறிந்து செய்வது, உடலில் நடப்பதை, மனதில் எழுவதை எழும்போதே கண்டுகொள்வது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கேட்டதும் ஏதோ துறவிகளின் வேலை என்று தோன்றுகிறது அல்லவா? நமக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தோம்.

நாடா ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினாலே தார் தீரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒன்று அறுந்தால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காமல் நாலு விரல் அளவு நெய்துவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். காலுக்கு மிதி, கைக்கு நாடா, கண்ணுக்கு இழை. நாள் முழுக்க இந்தக் கவனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விழிப்புணர்வைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு கவனமும் முதலாளியின் புடவைக்குப் போகிறதே, அதில் ஒரு துளியாவது நம் மேல் விழுகிறதா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். தினமும் நடக்கும்போது நடக்கிறோம் என்று அறிந்து நடப்பது என்று முடிவு செய்தார். மூன்றாவது வாரம் வந்து ஒன்று சொன்னார். நெய்து முடித்த புடவையை ஒப்படைக்கப் போகும்போது, அந்த வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே அவர் கால் செருப்பைக் கழற்றிவிடுகிறதாம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. முப்பது வருடமாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார், அன்றுதான் பார்த்தார். அடுத்த முறை எல்லாரும் கழற்றும் வாசற்படியில் கழற்றினார். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது.

சாதி வெறும் சட்டத்திலும் சாத்திரத்திலும் மட்டும் இருக்கிறது என்றால் எப்போதோ ஒழித்திருக்கலாம். அது நம் காலில், முதுகில், நாக்கில் பழக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மனம் தீர்மானிக்கும் முன்னால் உடம்பு குனிந்துவிடுகிறது. அந்தக் குனிவைக் கண்டுகொள்வதுதான் நமக்கான முதல் தியானம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் அதே அண்ணன் அடுத்த வாரம் இன்னொன்றும் சொன்னார். விடியற்காலை நாலு மணியிலிருந்து தார் சுற்றிக் கொடுக்கும் மனைவியை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “ஏய்” என்பதுதான் அழைப்பு. தெருவைச் சுத்தம் செய்ய வரும் அருந்ததியர் பெரியவரை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருமையில் பேசுகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். விழிப்புணர்வு ஒரு பக்கம் மட்டும் திரும்பும் விளக்கு அல்ல. நமக்கு இழைக்கப்படுவதை மட்டும் காட்டி, நாம் இழைப்பதை மறைக்கும் என்றால் அது தம்மம் ஆகாது. தனி ஆளாக இருப்பவனுக்குத் தம்மம் தேவையில்லை, இருவர் சேர்ந்து வாழும் இடத்தில் அது இல்லாமல் முடியாது என்ற கருத்தை பாபாசாகேப் அந்த நூலில் அழுத்தமாகச் சொல்கிறார். அந்த இருவரில் ஒருவர் நம் வீட்டுக்குள்ளேயே தார் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

தார் சுற்றும் பெண் ஒருத்தியின் கதை தம்மபத உரையிலேயே இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் ஒரு நெசவாளியின் மகள். மரணத்தை நினைவில் வைத்து வாழுங்கள் என்று புத்தர் சொன்னதைக் கேட்டு மூன்று வருடம் கடைப்பிடித்தவள். புத்தர் மீண்டும் ஊருக்கு வந்த அன்று, தார் சுற்றிக் கொண்டுவா என்று அப்பா வேலை சொல்லிவிட்டார். சுற்றி முடித்துக் கூடையோடு அவள் கூட்டத்துக்கு வரும்வரை புத்தர் பேசாமல் காத்திருந்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். தெரியாது என்றாள். நெசவாளி மகள் திமிராகப் பேசுகிறாள் என்று கூட்டம் முணுமுணுத்தது. பிறப்புக்கு முன்னும் இறப்புக்குப் பின்னும் எங்கே என்று கேட்கிறீர்கள், அது எனக்குத் தெரியாது என்று அவள் விளக்கினாள். புத்தர் அவளைப் பாராட்டினார். வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை, வேலை முடியும்வரை காத்திருந்தார். இதைவிட நமக்கு என்ன அழைப்பு வேண்டும்?

“பட்டு நெய்கிறீர்கள், கொல்லாமை பேசுகிறீர்களா?” என்று நம்மைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஒரு புடவைக்குள் ஆயிரக்கணக்கான கூடுகள் கொதிநீரில் போயிருக்கின்றன. இதற்கும் ஆளவியிலேயே ஒரு நிகழ்ச்சி விநயத்தில் பதிவாகியிருக்கிறது. சில பிக்குகள் பட்டு செய்பவர்களிடம் போய், நிறையப் புழுக்களை வேகவைத்துத் தாருங்கள், விரிப்பு செய்ய வேண்டும் என்றார்கள். பிள்ளை குட்டிகளுக்காக உயிர்களைக் கொல்ல வேண்டியிருக்கிறதே என்று நாங்களே நொந்துகொள்கிறோம், நீங்களுமா என்றார்கள் அந்தத் தொழிலாளர்கள். புத்தர் தடை விதித்தது பிக்குகளுக்கு. பிழைப்புக்காகச் செய்தவர்கள் மேல் அல்ல, ஆசைக்காகக் கேட்டவர்கள் மேல் விதி விழுந்தது. இதனால் நம் கை சுத்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. புழுவின் சாவையும் நெய்பவரின் கூலியையும் மறந்துவிட்டு முகூர்த்தப் பட்டின் பளபளப்பை மட்டும் பார்ப்பவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-சின் தீராத வலியுள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி இன்று பெரிய நிறுவனங்களின் கூடங்களுக்குள் வந்துவிட்டது. நோயாளிக்கு அது உதவட்டும். ஆனால் கூலி உயர்வு கேட்பவனிடம் மூச்சைக் கவனி என்று சொல்லும் விழிப்புணர்வு நமக்கு வேண்டாம். நம் கடைப்பிடி மூச்சையும் பார்க்கும், முன்பணக் கணக்கு நோட்டையும் பார்க்கும்.

பௌத்தம் தழுவினால் இடஒதுக்கீடு போய்விடுமே என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 1950 ஆணையில் பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு உரியதாக வைக்கப்பட்டது. 1956-இல் சீக்கியர்களும், 1990 சட்டத் திருத்தத்தில் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே அந்தப் பயத்தால் யாரும் தயங்க வேண்டாம். சான்றிதழில் பெயர் மாறுவது எளிது. நாக்கு மாறுவதற்குத்தான் நாளாகும்.

ஆகவே தொடங்க நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாங்கள் சொல்வது இதுதான். தறியில் உட்காரும் முன் பத்து மூச்சு விட்டுப் பாருங்கள். ஊருக்குள் நுழையும்போது உங்கள் முதுகைப் பாருங்கள். வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் குரலைப் பாருங்கள். இரவில், இன்று எங்கே குனிந்தோம், யாரைக் குனியவைத்தோம் என்று ஒருமுறை எண்ணுங்கள். இழை அறுந்த இடம் தெரிந்துவிட்டால் முடிச்சுப் போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அண்ணன் இப்போது மனைவியைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். முதல் நாள் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாராம்.

நமோ புத்தாய. ஜெய்பீம்.