ஃபார்மட் பண்ணிடலாமா ஸார்?

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால், வீட்டில் முதலில் கிளம்புவது குற்றச்சாட்டுதான். ‘நேத்து ராத்திரி கேம்ஸ் ஆடினது யாரு?’ என்று அம்மா. ‘அவன்தான்!’ என்று அக்கா. ‘வாங்கின அன்னிக்கே அஷ்டமி, நான் சொன்னேன்... யார் கேட்டா?’ என்று பாட்டி. அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, கேபினட் மண்டையில் ‘பட்’டென்று ஒரு தட்டு தட்டுவார். பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. காலத்துக் கைகண்ட வைத்தியம்! டி.வி.க்கு ஒத்துக்கொண்டது. இதற்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றும்போது தட்டினால், அதுவரை ‘கிளம்ப மாட்டேன்’ என்று மட்டும் சொன்ன ஆசாமி, ‘இருக்கிறதையும் தர மாட்டேன்’ என்று சொல்லிவிடுவான்.

அடுத்து மெக்கானிக் தம்பி வருவார். பத்து நிமிஷம் உற்றுப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, அந்த மகா மந்திரத்தைச் சொல்வார்.

‘ஃபார்மட் பண்ணிடலாமா ஸார்?’

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பீரோ சாவி தொலைந்தது என்பதற்காக பீரோவையே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புது பீரோ வாங்குவது மாதிரி அது. புது பீரோ பளபளவென்றுதான் இருக்கும். பழசுக்குள் இருந்த பட்டுப்புடவை?

கம்ப்யூட்டர் எழுந்திருப்பதை ‘பூட்’ ஆவது என்கிறோம் இல்லையா, அது சாட்சாத் காலில் போடும் பூட்ஸ்தான். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்று ஒரு ஆங்கிலச் சொலவடை. மின்சாரம் வந்ததும் ஒரு குட்டி புரோகிராம் விழிக்கும். அது கொஞ்சம் பெரியதை எழுப்பும். அது விண்டோஸை எழுப்பும். நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகிற பயணம். எழும்பூரில் கிளம்பிய ரயில் நெல்லைக்கு வரவில்லை என்றால், ரயிலையே விற்றுவிடலாம் என்றா சொல்வோம்? எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்றுதானே விசாரிப்போம்!

விசாரிப்போம்.

பட்டனை அழுத்தியும் விளக்கு இல்லை, ஃபேன் சத்தம் இல்லை என்றால், வண்டி எழும்பூரிலேயே நிற்கிறது. சுவர் ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., பின்னால் செருகியிருக்கும் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள். கேபினட் முதுகில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். வீடு துடைக்கிறவர்களின் துணி பட்டு அது அணைந்து கிடப்பது சகஜம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். ஒன்று மட்டும்: கேபினட்டுக்குள் மின்சாரம் வாங்கிக்கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இது தாம்பரம். கம்ப்யூட்டர் தன்னைத் தானே உடல் பரிசோதனை செய்துகொள்கிற இடம். சில சமயம் ‘பீப்... பீப்’ என்று கத்தும். எத்தனை தடவை, நீளமா குட்டையா என்று எண்ணிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும் என்றாலும், மெக்கானிக்குக் அது நாடித்துடிப்பு. முதலில் மானிட்டர் ஒயரை அழுத்திச் செருகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ராம் என்கிற மெமரிப் பட்டையில்தான் தகராறு. பிளக்கைப் பிடுங்கி, கேபினட் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, பட்டையைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை செருகினால் பல கம்ப்யூட்டர்கள் நல்ல பிள்ளையாக எழுந்துகொள்ளும். ரப்பர் செலவு ஐந்து ரூபாய்!

பழைய கம்ப்யூட்டர்கள் இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிக்கும். ‘கீபோர்டு இல்லை. தொடர்வதற்கு எஃப்-1 பட்டனை அழுத்தவும்.’ எதில் அழுத்துவதாம்?

அடுத்து விழுப்புரம். திரை வருகிறது, ஆனால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்தைக் காட்டுகிறது. பயப்பட வேண்டாம், நமக்கு வயசு குறையவில்லை. மதர்போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி உண்டு. பல கம்ப்யூட்டர்களில் சி.ஆர்.2032, 3 வோல்ட். அது செத்துப்போனால் தேதி மட்டுமல்ல, எந்த டிஸ்கிலிருந்து கிளம்பவேண்டும் என்பதும் கம்ப்யூட்டருக்கு மறந்துபோகலாம். கைக்கடிகாரக் கடையில் கேளுங்கள், கிடைக்கும்.

‘பூட் ஆக டிஸ்க் இல்லை’ என்று வந்தால் திருச்சி. முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியபடி இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் அதிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம், அதில் இருப்பதோ மச்சினன் கல்யாண வீடியோ! ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டிக்... டிக்’ என்று சத்தம் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி.

விண்டோஸ் சின்னம் வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், மதுரை வந்தாயிற்று. கிட்டத்தட்ட ஊர் வந்த மாதிரி. இந்த இடத்தில்தான் ‘ஃபார்மட்’ மந்திரம் அதிகம் கேட்கும். இந்த இடத்தில்தான் அது அதிகம் தேவைப்படாதது! பாதியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் 10, 11 இரண்டும் தாமாகவே வைத்தியப் பக்கத்தைத் திறக்கும். ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, ‘ஸேஃப் மோட்’ என்று மருந்துகள் அதில் உண்டு.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்ன? ஸேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பது. அவ்வளவுதான்! எல்லாவற்றையும் ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்.

‘டி டிரைவ் ஸேஃப் ஸார், சி-யை மட்டும்தான் அழிப்பேன்’ என்பார் தம்பி. நியாயம்தான். ஆனால் நாம் எதை எங்கே வைக்கிறோம்? கண்ணெதிரே இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டுகிறோம். டெஸ்க்டாப் இருப்பது பெரும்பாலும் சி-யில்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். மனைவி காலமாகி இரண்டு வருஷம். அந்த அம்மாள், வெளியூரில் இருக்கும் பேத்திக்காகச் சமையல் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஒரு நாள் மதுரையில் நின்றுவிட்டது. வந்த தம்பி மந்திரத்தைச் சொன்னார். தலைமை ஆசிரியருக்கு, யார் என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேட்டே பழக்கம். ‘எங்க வீட்டம்மா பேசினது சி-யிலா, டி-யிலா தம்பி?’ என்றார்.

தம்பி ஒரு நிமிஷம் யோசித்தார். நல்ல பையன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிஸ்கைக் கழற்றி, ஒரு கேபிள் போட்டுத் தன் லேப்டாப்பில் இணைத்தார். டெஸ்க்டாப் ஃபோல்டரில் 23 ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. ஒன்றைத் திறந்தார்.

‘புளியைக் கெட்டியா கரைக்கணும்டி... அவசரப்படாதே’ என்று ஒரு குரல்.

ஸார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தம்பி கேட்டது 500 ரூபாய். வாங்கிப்போனது 1,000.

இப்போதைய புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறிடத்தில் மாட்டினால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். மைக்ரோஸாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று, கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். குறித்ததை அதே கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள்!

நான் படித்தது பி.காம். வெனிஸில் 1494-ல் லூகா பாச்சியோலி என்ற துறவி அச்சிட்டு வெளியிட்ட இரட்டைப் பதிவு முறையைத்தான் மூன்று வருஷம் உருப்போட்டேன். எதையும் ஒரே இடத்தில் எழுதி நிறுத்தாதே, இரண்டு இடத்தில் எழுது என்பது அதன் சாரம். கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். ஒரு பிரதி உள்ளே, இன்னொன்று வெளியே தனி டிஸ்கில். அப்புறம் தம்பி எத்தனை தடவை மந்திரம் சொன்னாலும், ‘தாராளமா பண்ணுப்பா’ என்று காபி குடித்துக்கொண்டே சொல்லலாம்.

உங்கள் கம்ப்யூட்டர் இன்று ஒழுங்காக ஓடுகிறதா? அதுதான் பிரதி எடுக்க முகூர்த்த நாள். அஷ்டமி, நவமி பார்க்க வேண்டாம். பாட்டியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.