உயிர்த்தவர் காட்டிய காயங்கள்

உயிர்ப்புப் பெருவிழாவிற்கு அடுத்து வரும் ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் ஆண்டுதோறும் ஒரே நற்செய்திப் பகுதியே வாசிக்கப்படுகின்றது. ஞாயிறு வாசகங்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருவன. ஆனால் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உள்ள இப்பகுதி அன்றைய நாளுக்கென்றே நிலைத்திருக்கின்றது. பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சி ஒடுங்கியிருந்த சீடர் நடுவே இயேசு வந்து நிற்கின்றார். அவர்களுக்குச் சமாதானம் கூறுகின்றார். தம் கைகளையும் விலாவையும் காட்டுகின்றார். எட்டு நாட்களின் பின்னர் தோமாவுக்கும் அவ்வாறே காட்டுகின்றார். ஆண்டுதோறும் கேட்டுப் பழகிவிட்டதனாலோ என்னவோ, இதிலுள்ள வியப்பு நம் உள்ளத்தைத் தொடாமலே போய்விடுகின்றது.

சாவை வென்றெழுந்த உடல் அது. பூட்டிய கதவும் அதற்குத் தடையாகவில்லை. அப்படிப்பட்ட உடலில் ஆணி துளைத்த தழும்பும் ஈட்டி பாய்ந்த காயமும் ஏன் எஞ்சியிருக்க வேண்டும்? கல்லறையைத் திறந்த வல்லமைக்கு இவற்றை மாற்றிவிடுவது அரிய செயலா? நாம் எழுதியிருந்தால் உயிர்ப்பின் வரலாற்றை வேறு விதமாகவே எழுதியிருப்போம். பாடுகளின் சுவடே இல்லாத ஒளிவீசும் மேனியோடு அவரை எருசலேம் ஆலய முற்றத்தில் நிறுத்தி, பிலாத்துவையும் கயபாவையும் நடுங்க வைத்திருப்போம். நற்செய்தியாளர் நால்வரில் ஒருவரும் அவ்வாறு எழுதவில்லை. உயிர்த்தவர் தம்மைத் தீர்ப்பிட்டவர்களிடம் செல்லவில்லை. தம்மைக் கைவிட்டு ஓடியவர்களிடமே சென்றார். ஓடியது ஏன் என்று அவர்களிடம் கேட்கவுமில்லை. சமாதான வாழ்த்து முதலில் வந்தது. காயங்கள் அதன் பின்னரே காட்டப்பட்டன.

நம் மக்கள் பாடுகளின் காலத்தை நெஞ்சார அனுசரிப்பவர்கள். தவக்காலத்தின் வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிடுகின்றோம். பேசாலையின் உடக்குப் பாஸ், நீர்கொழும்பை அடுத்த துவாவின் பாஸ்கா, யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் மேடையேற்றி வந்த திருப்பாடுகளின் நாடகங்கள் என இம்மண்ணின் பக்தி மரபில் சிலுவைக்கு ஆழமான இடம் உண்டு. இத்தகைய நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கெத்சமனியிலிருந்து கல்லறை வரை இமை கொட்டாது பார்த்திருக்கும் கூட்டம், உயிர்ப்புக் காட்சி வரும்போது பாயைச் சுருட்டத் தொடங்கிவிடும். வெண்புகை, மின்னொளி, முழங்கும் இசை என்று ஓரிரு நிமிடங்களில் அது முடிந்தும் விடுகின்றது. இதற்காக மக்களைக் குறைகூற முடியாது. சிலுவையில் தொங்குபவரில் தம் துயரத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொள்கின்றனர். ஒளிவட்டத்துக்குள் நிற்பவரில் அவ்வாறு எதையும் காண்பதில்லை. உயிர்த்தவரின் கைகளில் காயங்கள் உண்டு என்பதை நாம் அவர்களுக்குப் போதிய அளவு காட்டவில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் விருந்தகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். கட்டுவாப்பிட்டிய ஆலயத்தில் இருந்த உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தின்மீது இறைமக்களின் இரத்தம் தெறித்திருந்தது. பின்னர் ஆலயம் திருத்தியமைக்கப்பட்டது. சிதறிய கூரையும் சுவர்களும் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அத்திருவுருவத்தை அவர்கள் கழுவவில்லை. இரத்தக் கறைகளோடு அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்தனர். இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்க முயல்வதை, பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த ஒரு பங்கின் மக்கள் செய்து காட்டிவிட்டனர் என்றே கருதத் தோன்றுகின்றது.

காயங்களைக் குறித்து நாம் பெரும்பாலும் இரண்டு தவறுகளைச் செய்கின்றோம். முதலாவது, அவற்றை மூடி மறைப்பது. இழவு வீட்டுக்குச் சென்று, நடந்தது நடந்துவிட்டது, இனி மறந்துவிட வேண்டும் என்கின்றோம். கடவுளின் சித்தம் என்கின்றோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கின்றோம். ஆனால் கேட்பவருக்கு அது கதவைச் சாத்துவது போன்றது. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. அந்நாளை மறக்கச் சொல்வதற்கு யாருக்கு உரிமை உண்டு? 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி, வடக்குக் கிழக்கின் பல நகரங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரங்களில் அமர்ந்தனர். அவர்கள் கைகளில் பிள்ளைகளின் நிழற்படங்கள் இருந்தன. உயிர்த்த ஆண்டவர் தம் கைகளை விரித்துக் காட்டியதை நம்புகின்றவர்கள், அந்தப் படங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள இயலாது.

இரண்டாவது தவறு, காயத்தையே படைக்கலமாக்கிக் கொள்வது. இது நாட்டின் வரலாற்றில் மட்டும் நிகழ்வதன்று. தந்தையார் வைத்துப்போன காணியின் வேலியைக் குறித்து எழுந்த பிணக்கில் உடன்பிறந்தோர் இருவர் இருபது ஆண்டுகளாகப் பேசாதிருப்பதும், ஒரே ஆலயத்தில் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் அமர்ந்து நற்கருணை உட்கொண்டு செல்வதும் நம் பங்குகளில் அரிய காட்சிகளா? சமாதானம் பகிருமாறு குருவானவர் அழைக்கும்போது அவர்கள் அருகிலிருக்கும் வேறு யாருக்கோ கைகூப்புகின்றனர். பட்ட காயம் உண்மையானதே. ஆயினும் ஒவ்வொரு நாளும் அதனைக் கீறிப் புதிதாக்கி, அடுத்த தலைமுறையின் கையிலும் கொடுத்துவிட்டுப் போகின்றோம். இயேசு தம் காயங்களை மறைக்கவில்லை. அவற்றைக் காட்டிப் பழிவாங்கக் கோரவுமில்லை. சமாதானம் கூறிய அதே வாயோடு, அதே வேளையில் அவற்றைக் காட்டினார்.

மன்னிப்பு என்றால் உண்மையைப் புதைத்துவிடுவது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் உறவுகளை இழந்தவர்கள் பலர் பழிவாங்கலை நாடவில்லை. உண்மையை வெளிக்கொணருமாறு மட்டும் இடைவிடாது கேட்டு வந்தனர். முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகள் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கேட்பதனால் ஒருவரின் மன்னிப்புக் குறைந்துபோவதில்லை. நடந்தது இன்னதென்று பெயர்சொல்லி அறிந்த பின்னரே எதை மன்னிக்கின்றோம் என்பதும் தெளிவாகும்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள்வதே உன் சிலுவை என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவோர் நம்மிடையே இருக்கின்றனர். கிறிஸ்து தம் சிலுவையைத் தாமே விரும்பி ஏற்றார். மற்றொருவரின் தோளில் அதனைச் சுமத்தவில்லை. அடிக்கும் கைக்குச் சிலுவை என்று பெயர் சூட்டுவது திருப்பாடுகளை இழிவுபடுத்துவதாகும். அப்பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

தோமாவைச் சந்தேகக்காரர் என்று அழைத்து அவருக்கு நாம் அநீதி இழைத்துவிட்டோம். இலாசரின் பொருட்டு இயேசு யூதேயாவுக்குத் திரும்பியபோது, அவரோடு சென்று சாகவும் ஆயத்தமாயிருந்தவர் இவரே. மற்றச் சீடர் ஏற்கெனவே கண்டிருந்ததற்கு மேலாக அவர் எதையும் கேட்கவில்லை. ஒளியையோ வானதூதரையோ அவர் அடையாளமாகக் கேட்கவில்லை, காயங்களையே கேட்டார். சிலுவையில் அறையப்பட்டவர்தாமா வந்திருக்கின்றார் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. காயமில்லாத ஒருவர் வந்திருந்தால் அவரைத் தம் ஆண்டவரென்று தோமா ஏற்றிருக்கமாட்டார். ஆண்டவரும் அவரைக் கடிந்து ஒதுக்காமல், கையை நீட்டுமாறு அழைத்தார்.

தவக்காலம் 40 நாட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாஸ்காக் காலம் தூய ஆவியார் பெருவிழா வரை 50 நாட்கள் நீடிக்கின்றது என்பதை அத்தனை பேரும் நினைப்பதில்லை. உயிர்த்த ஞாயிறன்று மதிய விருந்தோடு விழா முடிந்துவிட்டதாகவே நடந்துகொள்கின்றோம். சிலுவைப்பாதைக்குக் கொடுத்த வெள்ளிக்கிழமை மாலைகளை இந்த 50 நாட்களிலும் வைத்துக்கொள்ளலாம். பங்கில் துயருற்ற வீடு ஒன்றுக்குச் சென்று, அறிவுரை எதுவும் கூறாது, அவர்கள் சொல்வதைக் கேட்டு அமர்ந்திருக்கலாம். பேசாதிருக்கும் உடன்பிறப்பின் படலையைத் திறக்கலாம். முதலாவது சொல்லைச் சொல்வதற்கு மறுபக்கத்திலிருந்து மன்னிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீடர்கள் மன்னிப்புக் கேட்ட பின்னரா அவர் உள்ளே வந்தார்?

பேதுருவிடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் இக்காலத்தில் தியானிப்பது நன்று. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்து நின்றபோதுதான் பேதுரு மும்முறை மறுதலித்தார். கிரேக்க மூலத்தில் அந்தக் கரிநெருப்பைக் குறிக்கும் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று அந்த முற்றம். மற்றது, உயிர்த்தவர் தாமே நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்த திபேரியக் கடற்கரை. பேதுருவின் காயம் எதுவென்று ஆண்டவருக்குத் தெரியும். அதே நெருப்பருகே, அதே மூன்று முறை, தம்மை அன்பு செய்கின்றாயா என்று அவர் கேட்கின்றார். மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்துகின்றார். அந்த வருத்தம் தீருமுன்னரே மந்தை அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இவை யாவும் காலை உணவுக்குப் பின்னரே நிகழ்ந்தன என்று யோவான் குறித்து வைத்திருக்கின்றார். இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் களைத்திருந்தவர்களுக்கு அவர் முதலில் அப்பமும் மீனும் எடுத்துக் கொடுத்தார்.