கிச்சுக்கிச்சு சமாசாரம்

உங்களுக்கு நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள். (ஆபீஸில் வேண்டாம்; மேனேஜருக்கு வேறு மாதிரி படும்.) சிரிப்பு வராது. அதையே பக்கத்து சீட்காரர் செய்தால் நாற்காலியோடு சாய்வீர்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் கூடவே டெலிவரி சலான் வரும் இல்லையா? கைக்கு ஆர்டர் போடும்போதே மூளை சிறுமூளைக்கு ஒரு சலான் கிழித்துவிடுகிறது: 'இன்ன இடத்தில் தொடுகை வரும், நம்ம சரக்குதான்.' சரக்கும் சலானும் டேலி ஆனால் மூளை கண்டுகொள்ளாது. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் என்ற பெண்மணி 1990களின் கடைசியில் இதற்கென்றே ஒரு ரோபோ வைத்துப் பார்த்தார். இடது கையை ஆட்டினால், ரோபோ வலது உள்ளங்கையில் ஸ்பாஞ்சால் வருடும். அதை ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு தாமதப்படுத்தினால் போதும், சொந்தக் கையே கூச்சம் காட்டியது. சலான் லேட்!

2000-இல் அவர் குழு மனநோயாளிகளிடமும் இதைச் சோதித்தது. காதில் குரல் கேட்பவர்கள், 'என் கையை வேறு யாரோ ஆட்டுகிறார்கள்' என்பவர்கள், இவர்களுக்குத் தான் தொட்டதும் பிறர் தொட்டதும் ஒரே மாதிரி இருந்தது. சரக்கு வருகிறது, சலானைக் காணோம். அப்புறம் அது யார் அனுப்பியது என்று தோன்றாமல் என்ன செய்யும்?

இப்போது பனியன் கம்பெனிக்கு வாருங்கள். பவர் டேபிளில் இருக்கும் பையன், "அண்ணா, என்ற கைய வேற யாரோ ஓட்டறாங்கண்ணா" என்கிறான். நைட் ஷிப்டில் கை மரத்துப் போனதைச் சொல்லவில்லை. நாள் கணக்காக இதையே சொல்கிறான். "ஓ.டி.க்கு டிமிக்கி" என்கிறார் கான்ட்ராக்டர். "காத்து கருப்புங்க" என்கிறது ஊர். எனக்கென்னவோ, பையன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான் என்றுதான் படுகிறது.

காத்து கருப்பு என்று கொண்டுபோய்க் கட்டிப்போட்டதன் கணக்கு ஏர்வாடியில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, கொட்டகையில் தீ. சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சங்கிலி கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-லேயே சென்னையில் 'ஸ்கார்ஃப்' ஆரம்பித்து, மாத்திரையோடு வேலையும் வீடும் வேண்டும் என்று வழி காட்டினார்.

திருப்பூரிலிருந்து சென்னை தூரம்தான். 14416 பக்கம். மத்திய அரசின் டெலி மானஸ், 2022-இல் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பையன் மாட்டேன் என்றால் கான்ட்ராக்டரே பேசலாம்.