கேரியர் போடுங்க, ஆனா பாரம் எங்க போய் இறங்குது?

மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஜாதி நாம. ஆபீஸ்ல புடுங்குற ஆணிக்கும் படிச்ச படிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா ஊருக்குப் போனா மட்டும் "நீதான் இஞ்சினியராச்சே மாப்ள"ன்னு மிக்ஸியில ஆரம்பிச்சு மோட்டார் வரைக்கும் நம்ம தலையில கட்டிருவாங்க. இந்தத் தடவை கட்டினது ஒரு கேரியர்.

ஊரு தருமபுரம். மயிலாடுதுறை பக்கத்துல ஆதீனம் இருக்குற தருமபுரம் இல்லீங்கோ. காரைக்கால்ல இருந்து திருநள்ளாறு போற வழியில, யாழ்மூரிநாதர் கோயில் இருக்குற தருமபுரம். மாமாவுக்கு போர் மோட்டார், பிளம்பிங் வேலை. நாலு கதவு பிக்கப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார். பின்னாடி தொட்டியை மூடி ஃபைபர் டாப்பு. அமெரிக்காக்காரன் இதை கேம்பர் ஷெல்லும்பான், ஆஸ்திரேலியாக்காரன் கேனப்பிம்பான், நம்ம ஊருல வெறும் டாப்பு. சாமானை உள்ள வச்சுப் பூட்டலாம், மழை படாது. ஏணியும் பைப்பும்தான் உள்ள போகாது. "டாப்பு மேல நாலு ஓட்டை போட்டு கேரியர் வச்சுட்டா முடிஞ்சுது மாப்ள. ஃபாரின்ல எல்லாரும் போடுறானே?"ன்னார்.

ஃபாரின்ல போடுறான், உண்மைதான். கூடாரத்தையே மேல கட்டிக்கிட்டு ஊர் சுத்துறான். ஆனா அங்க உருப்படியான டாப்பு விக்கிறவன் அதோட ஒரு கணக்கும் சேர்த்துக் குடுக்குறான். வண்டி நிக்கும்போது எவ்வளவு தாங்கும், ஓடும்போது எவ்வளவு தாங்கும்னு ரெண்டு தனித்தனி எண். ஓடும்போது உள்ள எண் எப்பவும் சின்னதுதான். சாதாரண ஃபைபர் டாப்புக்கு அது பல நேரம் நம்மள்ல ஒரு ஆள் எடைதான் வரும். கேரியரோட சொந்த எடையும் அதுக்குள்ளதான் அடக்கம். நாம போட்டோவை மட்டும் பாத்துட்டு எண்ணை விட்டுர்றோம். அங்கதான் பிரச்சினையே.

கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. கேரியரும் சாமானும் சேர்ந்து 100 கிலோன்னு வச்சுக்குங்க. நின்னா ஒவ்வொரு காலுக்கும் 25 கிலோ, பாக்க சாதுவாத்தான் தெரியும். பள்ளத்துல தொபுக்கடீர்னு விழுந்து எழுந்தா ஒரு நொடி அது 200 கிலோ மாதிரி அழுத்தும். குறுக்க ஆடு வந்துச்சுன்னு ஓங்கி பிரேக் அடிச்சா 50 கிலோவுக்கு மேல முன்பக்கமா இழுக்கும். டாப்பு ஃபைபரோட தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதுல 8 எம்எம் போல்ட் போட்டு சாதா வாஷர் வச்சு முறுக்கினா, அந்த வாஷர் புடிக்கிற இடம் ரெண்டு சதுர சென்டிமீட்டர்கூட வராது. அத்தனை இழுப்பும் அந்தப் புள்ளியிலதான். முதல் நாளே உடையாது. மொதல்ல ஓட்டையைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல் விடும். அப்புறம் மழைத்தண்ணி உள்ள வரும். அதுக்கப்புறம் ஒரு நாள் போல்டோட பிச்சுக்கிட்டு வரும்.

சரி, எப்படித்தான் போடுறது? என் கட்சி ரொம்ப சிம்பிள்: டாப்பு மழைக்கு, பாரம் வண்டிக்கு. கேரியர்ல ஏத்துறது எங்க போய் இறங்குதுன்னு விரலை வச்சுக் காட்டச் சொல்லுங்க. விரல் ஃபைபர்லயே நின்னுட்டா அந்த வேலை வேணாம். தொட்டிக்குள்ள நாலு மூலையில இரும்புக் கால் நிறுத்தி, டாப்புக்கு அடியில ஒரு சட்டம் குடுத்து, மேல இருக்குற கேரியரை ஃபைபர் வழியா அந்தச் சட்டத்தோட போல்ட் பண்ணணும். அப்ப பாரம் சட்டத்துல இறங்கி, கால்ல இறங்கி, தொட்டி வழியா சேஸிஸுக்குப் போயிடும். ஃபைபரை சும்மா நடுவுல ஒரு ரப்பர் வாஷரோட விட்டுட்டா போதும். இதை நம்ம ஊரு வெல்டிங் பட்டறையிலயே அழகா செய்வாங்க, பல ஆயிரம் குடுத்து வெளிநாட்டு பிராண்டு வாங்கணும்னு அவசியமே இல்ல. ஏணி மாதிரி லேசான சாமான் மட்டும்தான்னா சட்டம்கூட வேணாம். ஓட்டைக்கு அடியில 10-க்கு 10 சென்டிமீட்டர் தகடு வைங்க. அந்த வாஷரைவிட 50 மடங்குக்கு மேல பரப்பு கிடைக்கும்.

காரைக்கால்ல இன்னொரு வில்லன் உப்புக்காத்து. குழாய்க் கேரியர் வெளியில பளபளன்னு பெயின்ட்டோட இருக்கும், உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுக்கிட்டே போகும். முனைகளை மூடிடணும், முடிஞ்சா கால்வனைஸ் பண்ணிடணும். அலுமினியமும் இரும்பும் நேரா தொட்டுக்கிட்டு இருந்தா உப்புத்தண்ணியில ஒண்ணை ஒண்ணு தின்னுடும், நடுவுல நைலானோ ரப்பரோ வேணும். ஓட்டையை மேடான இடத்துல போட்டு சீலன்ட் அடைங்க. தண்ணி தேங்குற பள்ளத்துல போட்டா எந்த சீலன்ட்டும் ரொம்ப நாள் நிக்காது.

அப்புறம் நம்ம எல்லாருக்கும் புடிக்காத மேட்டர், சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதனால வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க. போல்டைக் கழட்டினா வண்டி பழையபடி ஆகணும். பைப்பு நீளமும் இதுல வரும். இந்த மாதிரி பிக்கப்புகள் மொத்தமே சுமார் 5.3 மீட்டர் நீளம். 20 அடி பைப்பு 6.1 மீட்டர். ஆக, நீங்க எப்படிக் கட்டினாலும் ரெண்டரை அடி வெளியில துருத்தும். அளவுக்கு மீறி நீட்டிக்கிட்டுப் போனா 2019 திருத்தத்துல எழுதியிருக்குற அபராதம் 20,000 ரூபாய். 20 அடி பைப்பை கடைக்காரன் வண்டியில அனுப்பச் சொல்லிடுங்க, இல்ல ரெண்டா அறுத்து ஏத்துங்க.

"எல்லாத்துக்கும் பயந்தா தொழில் பண்ண முடியுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கேரியர் பிச்சுக்கிட்டுப் போனா வண்டிக்காரனுக்கு டாப்பு மட்டும்தான் நஷ்டம். அது போய் விழப்போறது பின்னாடி வர்ற டிவிஎஸ் 50 மேல. சனிக்கிழமையில திருநள்ளாறு ரோட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும், எத்தனை குடும்பம் குழந்தையை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு டூவீலர்ல போகுதுன்னு. நாம மிச்சம் புடிக்கிற ரெண்டாயிரம் ரூவா தகடுக்கும் சட்டத்துக்கும் அவங்க ஏங்க விலை குடுக்கணும்?

தருமபுரத்துக்காரங்களுக்கு இது புரியாம போகாது. சம்பந்தர் பாட்டுக்கு யாழ் வாசிச்ச திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை அந்த ஊருக் கதைதானே. பாட்டோட பெருமையே யாழ்லதான்னு சொந்தக்காரங்க சொல்லப்போக, யாழ்ல அடங்காத பதிகம் ஒண்ணை சம்பந்தர் பாடினார். வாசிக்க முடியாம பாணர் யாழையே உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்துட்டார். கருவியில எவ்வளவு வருமோ அவ்வளவு வாசிங்கன்னு விட்டுட்டார். கருவிக்கு ஒரு எல்லை உண்டு, அதுல கேவலம் ஒண்ணுமில்ல. ஃபைபர் டாப்புக்கும் அதேதான்.

டாப்பு விக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஓடும்போது எத்தனை கிலோ தாங்கும்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க. வாங்குறவங்களுக்கும் ஒண்ணு: விலை கேக்குறதுக்கு முன்னாடி அந்த எண்ணைக் கேளுங்க. எண் சொல்லத் தெரியாத கடையில டாப்பு வாங்கலாம், தப்பில்ல. மேல கேரியர் மட்டும் வேணாம்.

டிஸ்கி: "சும்மா கயிறு கட்டிக்கலாமே"ன்னு சொல்லப்போற நண்பர்களுக்கு... அந்தக் கயிறை எதுல கட்டுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க சாமிகளா!