விளையாட்டும் கலையும்

கலை எனப்படுவது யாது என்னும் வினாவிற்கு விடை கூறப் புகுந்தோர் பலர். யாவரும் உடன்படும் விடை கண்டார் ஒருவரும் இலர். ஆயினும், புதியதொரு பொருள் உலகில் தோன்றுந்தோறும், அது கலையாகுமா என்ற வழக்கு எழாமல் இருப்பதில்லை. திரைப்படம் தோன்றிய காலத்தில், அது சந்தையில் காட்டும் வேடிக்கை என்று ஒதுக்கினர் கற்றோர் பலர். இன்று அவ்வழக்கில் நிற்பது கணினி விளையாட்டு.

அதனைக் கலையன்று என்றாருள் தலையாயவர் சிகாகோ நகரத்துத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் என்பவர். திறனாய்வுக்காக 1975ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். 2005ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. நூலும் திரைப்படமும் ஆக்கியோன் வகுத்த நெறியிற் செல்வன. விளையாட்டோ ஆடுவோன் விருப்பின்வழிச் செல்வது. ஆக்கியோன் ஆட்சி இல்லாத இடத்தில் உயர்ந்த கலை எவ்வாறு பிறக்கும்? இதுவே அவர் கருத்தின் சாரம். 2010 ஏப்ரலில், விளையாட்டு ஒருநாளும் கலையாகாது என்று அறுதியிட்டு எழுதினார். மறுப்புகள் வெள்ளமெனப் பெருகின. அவ்வாண்டு ஜூலையில், ஆடிப் பாராத பொருளைப் பற்றித் தாம் அவ்வாறு எழுதியிருத்தல் ஆகாது என ஒப்புக்கொண்டார். ஆனால், கொண்ட கருத்தை விட்டாரல்லர்.

அவரை மறுத்தோருள் பலர், விளையாட்டுகளில் அமைந்த ஓவியத்தின் எழிலையும் இசையின் இனிமையையும் எடுத்துக் காட்டினர். நியூயார்க்கு நகரத்து நவீனக் கலைக் காட்சியகம் 2012ஆம் ஆண்டில் 14 விளையாட்டுகளைத் தன் தொகுதியிற் சேர்த்தபொழுது, வழக்கு வென்றதென்றே மகிழ்ந்தார் உளர். இவை வலியுடைய சான்றுகள் அல்ல. ஓவியம் அழகியதாயின், அப்பெருமை ஓவியனுக்கே உரியது. காட்சியகமோ அவற்றைக் கட்டடமும் வடிவமைப்பும் சார்ந்த பிரிவிலே சேர்த்தது. நல்ல நாற்காலிகளும் அப்பிரிவில் உண்டு!

விளையாட்டுக்கே உரிய கலைத்திறம் ஒன்று உண்டாயின், அது ஆடுதல் என்னும் செயலிலேயே இருத்தல் வேண்டும். லூக்கஸ் போப் என்பவர் ஆக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்னும் விளையாட்டில் அதனைக் காணலாம். அதில் கண்ணைக் கவரும் காட்சி யாதும் இல்லை. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் ஆடுவோன் ஓர் அலுவலனாக அமர்கின்றான். வருவோர் நீட்டும் சீட்டுகளை ஆராய்ந்து, புக விடவேனும் மறுக்கவேனும் முத்திரை குத்துதலே அவன் தொழில். எத்துணைப் பேரை ஆராய்ந்தானோ, அத்துணைக்கே கூலி. பிழைகள் மிகுமாயின் அக்கூலியிலும் தண்டம் கழியும். மாலையில் எஞ்சிய காசைக் கொண்டு வாடகையும் உணவும் குளிர்காயும் வெப்பமும் பெற்றாக வேண்டும். மனைவியும் மகனும் முதியோரும் வீட்டிலே காத்திருக்கின்றனர்.

ஒருநாள் முறையான சீட்டுகளோடு ஒருவன் வருகின்றான். அவன் உள்ளே செல்லுமுன், அடுத்து நிற்பவள் தன் மனைவியென்றும், அவள்பால் இரக்கம் காட்ட வேண்டுமென்றும் வேண்டுகின்றான். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிச் சென்றால் தன்னைக் கொன்றுவிடுவர் என்கின்றாள் அவள். கணவன் வாயிலுக்கு அப்பால் நிற்கின்றான். முத்திரைகள் இரண்டும் ஆடுவோன் கையில் உள்ளன.

சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் ஆராயாது இட்ட கட்டளையைப் படிப்போர் கண்ணீர் உகுப்பர், வெகுள்வர். அழுகையும் வெகுளியும் தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அடங்குவன. ஆயினும், கோவலன் கொலைக்காகத் தன்னைத் தானே நொந்துகொள்ளும் படிப்போன் எவனும் இலன். அக்கட்டளை அவன் இட்டதன்று. சாவடியில் அமர்ந்து ஆடுவோன் நிலை வேறு. அப்பெண்ணைத் துரத்திய முத்திரை அவன் கை குத்தியது. கற்பனையே எனினும், நெஞ்சு சற்றே கூசுகின்றது. இக்கூச்சத்தைக் காவியமும் நாடகமும் இவ்வாறு தருதல் அரிது.

இனி, ஆக்கியோன் ஆட்சி அங்கு இல்லை என்றல் பொருந்துமோ? கூலியைக் குறைத்தவன் அவன். வீட்டிற் குளிரை வைத்தவன் அவன். மனைவியைக் கணவனுக்குப் பின்னே நிறுத்தியவனும் அவனே. ஆடுவோன் பெற்ற உரிமை, ஆக்கியோன் அளந்து கொடுத்த உரிமை. ஈபர்ட் தடையாகக் கருதிய அவ்வுரிமையே இங்குக் கருவியாயிற்று.

இதனால் விளையாட்டெல்லாம் கலையென்று கொள்ளற்க. அங்காடியில் மலிந்து கிடப்பனவற்றுட் பல, விரலை ஓடச்செய்து நெஞ்சை உறங்கவைப்பன. ஆடுவோன் பணப்பையையே குறியாகக் கொண்டனவும் உள. அவற்றுக்கு ஈபர்ட் கூற்று இன்றும் பொருந்தும். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஈபர்ட் இறந்துவிட்டார்.