அடுப்புக்கு முன்பே முடிகிற வேலை

தமிழ் வீடுகளில் சின்னக் குழந்தைகளை அடுக்களைப் பக்கம் அண்டவிடாததற்கு முதல் காரணம் நெருப்பு. தமிழ்ச் சமையலின் பெரும்பகுதி அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தொடங்குகிறது. எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், வெங்காயம் வதங்க வேண்டும். கைவேலை எல்லாம் சூட்டை ஒட்டியே நடக்கிற இடத்தில் நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். பேக்கிங்கில் இந்த வரிசை மாறிவிடுகிறது. அளப்பது, சலிப்பது, பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது என்று கைவேலை முழுவதும் தட்டு ஓவனுக்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடும். சூடு தொடர்பான வேலை பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்கிற கடைசிக் கட்டம் மட்டுமே. குழந்தையின் முதல் சமையல் பாடமாக இருக்க, தோசையையும் உப்புமாவையும்விட பிஸ்கட்டுக்கும் பன்னுக்கும் தகுதி அதிகம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

விளையாட்டுச் சொப்பில் பொய்ச் சமையல் செய்யும் வயதிலேயே உண்மையான வேலையைக் குழந்தையிடம் கொடுக்கலாம் என்பது கல்வியாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கருத்து. 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, நீர் ஊற்றுவது, துடைப்பது, பரிமாறுவது போன்ற வீட்டு வேலைகளைப் பாடத்தின் அடிப்படையாகவே வைத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்திய அவர், உலகப் போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில், ஆனால் உண்மையான பாத்திரங்கள் வேண்டும் என்பது அவருடைய முறையின் ஒரு கூறு. வீட்டு அடுக்களைக்கும் இது பொருந்தும். சின்னக் கிண்ணம், சின்னக் கரண்டி, உயரத்துக்கு ஏற்ற முக்காலி அல்லது தரையில் விரித்த பாய். இவ்வளவும் இருந்தால் பாதி ஏற்பாடு முடிந்தது.

தொடங்குவதற்கு நெய் பிஸ்கட் ஏற்றது. அதில் முட்டை கிடையாது, பொருள்களும் குறைவு. 100 கிராம் மைதாவுக்கு 60 கிராம் நெய், 50 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. கப்பால் அளப்பதைவிட எண் காட்டும் தராசு குழந்தைக்கு நல்லது. கப்பில் மைதாவை அழுத்தி நிரப்பினால் ஒரு எடை, தளர்வாகப் போட்டால் வேறு எடை. சின்னக் கைகள் அழுத்தத்தான் செய்யும். தராசில் 97 தெரிந்தால் இன்னும் கொஞ்சம் போட வேண்டும், 104 தெரிந்தால் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுகொள்ளும். கணக்கு நோட்டில் வெறும் கோடாக இருந்த கூட்டலும் கழித்தலும் இங்கே கரண்டியில் நடக்கின்றன. பிசைந்த மாவை நெல்லிக்காய் அளவு உருட்டும்போது ஓரம் வெடித்தால் நெய் போதவில்லை என்று பொருள். கையில் பளபளவென்று ஒட்டினால் நெய் கூடிவிட்டது. இந்தப் பக்குவத்தை வாயால் சொல்லி விளக்க முடியாது, தொட்டுத்தான் அறிய வேண்டும். 160 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் போதும். வெளியே எடுத்ததும் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும், ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். காத்திருக்கச் சொல்வதற்கான காரணத்தைக் குழந்தை பல்லாலேயே தெரிந்துகொள்கிறது.

கேக் மாவில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகளுக்குக் கலக்குவது பிடிக்கும். கேக்குக்கு அது ஆகாது. மைதாவில் நீர் சேர்ந்து கலக்கக் கலக்க அதிலுள்ள புரதங்கள் பின்னி குளூட்டன் என்ற வலையாகின்றன, கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். தயிரும் ஆப்பசோடாவும் சேர்த்த மாவில் கரியமில வாயு உடனே கிளம்புவதால், நேரம் கடத்தினால் உப்பலும் குறையும். ஆகவே, ஆசை தீரக் கலக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு கிண்ணத்தைப் பிடுங்குவதைவிட, அந்த ஆர்வத்தைப் பன் மாவுக்குத் திருப்பிவிடுவது அறிவுடைமை. 250 கிராம் மைதா, 150 மில்லி வெதுவெதுப்பான பால், ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு. இங்கே அதே குளூட்டன்தான் வேண்டும். குழந்தை எவ்வளவு குத்தினாலும், இழுத்தாலும், அறைந்தாலும் மாவு கெடாது, நன்றாகத்தான் ஆகும். ஈஸ்ட் உயிருள்ளது, சர்க்கரையைத் தின்று வாயு விடுகிறது என்று சொன்னால் ஐந்து வயதில் நன்றாகவே புரியும். சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரட்டிப்பாக உப்பி நிற்பதை அந்தக் கண்களே பார்த்துவிடும். ஓவனில் பன்னின் மேல்தோல் பொன்னிறமாவதும் அப்போது எழும் மணமும், 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த, புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேரும் வினையால் வருபவை.

ஓவன் இல்லாத வீடுகளில் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்ட குக்கரில், அடியில் உப்பைப் பரப்பி கேக் சுடுவது பழக்கத்தில் உள்ளது. இதில் பாத்திரம் முழுவதுமே கொதிக்கும் என்பதால் குழந்தை எட்டி நிற்பது அவசியம். ஓடிஜி எனப்படும் சிறிய மின் ஓவனிலும் கண்ணாடிக் கதவும் மேல்தகடும் சுடும். அதை மேடையின் விளிம்பில் வைக்கக் கூடாது.

அதிகம் பேசப்படாத ஆபத்து பச்சை மாவில் இருக்கிறது. கிண்ணத்தை வழித்து நக்குவது பல வீடுகளில் குழந்தைக்குத் தரும் பரிசு. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம் என்பதைப் பலரும் அறிவார்கள்; மாவும் வேகாத பொருள்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை. 2016-ல் அமெரிக்காவில் பரவிய ஈ.கோலை நோய்த்தொற்றுக்கு மைதா காரணம் என்று கண்டறியப்பட்டது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கிருமியில் சில வகை சிறுநீரகத்தையே பாதிக்கும். நக்குவதை நிறுத்திவிட்டு, முதலில் வெந்த பிஸ்கட்டைச் செய்தவருக்கே தருவது என்று வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மாவு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் வேலையின் பகுதியே. முழு முந்திரியும் பாதாமும் ஐந்து வயதுக்குக் கீழே தொண்டையில் அடைக்கக்கூடும், பொடித்துச் சேர்ப்பதே பாதுகாப்பு.

இந்த வேலையைக் கெடுப்பதில் பெரியவர்களின் பங்கும் உண்டு. குழந்தை கோணலாக உருட்டியதை, அது திரும்பியதும் நேராக்கிவிடுகிறார்கள். தட்டை எடுத்ததும் தன்னுடையது எது என்று தேடும் குழந்தைக்கு அது தெரியாமல் போகிறது. அவசரத்துக்கு வாங்கிய ரெடிமிக்ஸில் அளப்பதும் தீர்மானிப்பதும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டதால், குழந்தைக்கு எஞ்சுவது ஊற்றுவது மட்டும். பெண் குழந்தையை மட்டும் கூப்பிட்டு, ஆண் குழந்தையைச் சாப்பிட மட்டும் கூப்பிடும் வீட்டில் இரண்டு குழந்தைகளுமே தவறான பாடம் படிக்கிறார்கள். தரையில் மாவு சிந்தும், உண்மைதான். ஈரத்துணியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தால் அதுவும் அன்றைய வேலையில் சேர்ந்துவிடும்.

சர்க்கரை பற்றிய கவலை நியாயமானது. சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் அன்றாட மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் சேர்வதில்லை, ஈரத்தைப் பிடித்து மென்மையையும் தருகிறது. அதனால் பாதியாகக் குறைத்தால் கேக் வறண்டுபோகும். கேக்கைப் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் வைத்துக்கொண்டு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக்குப் பன், சப்பாத்தி மாவு கலந்த ரொட்டி, சீரகம் போட்ட உப்பு பிஸ்கட் என்று போவதே எளிய வழி. பிசைவதும் அளப்பதும் இவற்றில் கொஞ்சமும் குறைவதில்லை.