கைபேசி முந்தியது, காரியாலயம் பிந்தியது

"வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்" என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ மொழி. அலுவலகத்துக்குள் கணிப்பொறி வந்த கதையும் இன்று அப்படித்தான் தலைகீழாக மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் புதிய கருவி எதுவானாலும் முதலில் அலுவலகத்துக்குத்தான் வரும். வீட்டுக்கு வர நெடுநாள் ஆகும். கணிப்பொறியைக் கண்டு ஊழியர்கள் அஞ்சிய காலமும் உண்டு. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் கணிப்பொறி வைப்பதை எதிர்த்துக் கல்கத்தாவில் பெரும் போராட்டம் நடந்தது. வங்கிகளில் அது நுழைய 1983இல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. மறு ஆண்டு டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அதற்குத் திட்டம் வகுத்தது. எந்த இயந்திரம், எத்தனை, யார் தொடலாம் என்பதெல்லாம் மேலிடத்தின் முடிவு.

இன்று நிலைமை என்ன? 2007இல் ஐபோன் வந்தது. 2008இல் ஆண்ட்ராய்டு கைபேசி வந்தது. 2016இல் ஜியோ வந்தபின் நம் நாட்டில் இணையம் மலிந்தது. இப்போது ஊழியர் தம் சட்டைப்பையிலேயே ஒரு கணிப்பொறியோடு அலுவலகத்துக்குள் நுழைகிறார். நிர்வாகம் வாங்கித் தராத கருவி அது. நிர்வாகம் தேர்ந்தெடுக்காத செயலிகள் அதில் இருக்கின்றன. ஆயினும் அலுவலகக் காரியம் அதில்தான் நடக்கிறது. நம் தருமபுரி மாவட்டத்தில் வாட்ஸ்அப் குழு இல்லாத அலுவலகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்!

இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சித்தேரி மலையில் பணிபுரியும் ஒருவர், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஒரு படம் அனுப்பினால், தருமபுரியில் இருக்கும் அதிகாரி அக்கணமே பார்க்கிறார். ஒரு நாள் பேருந்துப் பயணம் மிச்சம். ஆனால், அந்தப் படம் ஒரு ஏழைத் தாயின் ஆதார் அட்டையாகவோ மருத்துவச் சீட்டாகவோ இருந்தால்? அனுப்பியவர் மாற்றலாகிப் போன பின்பும் அது அவருடைய சொந்தக் கைபேசியில் கிடக்கும். கைபேசி தொலைந்தால் யார் பொறுப்பு?

அரசும் விழித்துக்கொண்டிருக்கிறது. சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணிப்பொறிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம், நம் தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தப் பணித்தது. முன்னது தடை, பின்னது மாற்று வழி. மாற்று வழி தராத தடை நிலைக்காது என்பதே என் கருத்து. அலுவலகம் தரும் கருவி மந்தமாகவும் சொந்தக் கைபேசி விரைவாகவும் இருந்தால், ஊழியர் எதை எடுப்பார்? எந்தச் சுற்றறிக்கை அவர் கையைப் பிடித்து நிறுத்தும்?

தகவலைக் காக்க வழி இல்லாமல் இல்லை. ஒரே கைபேசியில் அலுவலக வேலைக்குத் தனி அறை போலத் தடுத்து வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014 முதலே உண்டு. ஊழியர் விலகினால் அந்த அறையை மட்டும் நிறுவனம் அழிக்கலாம். அவருடைய குடும்பப் படங்களைத் தொட முடியாது. இவ்வாறு கைபேசிகளை நிர்வகிக்கும் மென்பொருளை ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவே உலகெங்கும் விற்கிறது. பிறர் விவரங்களைக் காக்கும் கடமையை நிறுவனங்களின் மேல் சுமத்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023இல் வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கருவியும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, மனம்தான் வேண்டும்.

தகவல் ஒருபுறம் இருக்கட்டும், செலவு யாருடையது? இதை யாரும் பேசுவதில்லை. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறேன். "சொந்த ஸ்மார்ட்போன் அவசியம்" என்று கேட்கும் வேலை விளம்பரங்கள் என் கண்ணில் படுகின்றன. முதல் மாதச் சம்பளத்தைக் காணுமுன்பே தவணையில் கைபேசி வாங்க வேண்டும்! அன்று மேசையும் நாற்காலியும் தட்டச்சுப் பொறியும் முதலாளி வாங்கிப் போட்டார். இன்று அந்த முதலீடு ஓசையின்றித் தொழிலாளியின் தலைக்கு இடம் மாறிவிட்டது. இதற்கு 'நவீனம்' என்று பெயர் சூட்டினால் போதுமா?

எனவே நான் கேட்பது இரண்டே. வேலைக்குக் கைபேசி கட்டாயமென்றால் நிறுவனமே அதைத் தரட்டும். அல்லது அதற்குரிய படியைத் தரட்டும். மக்களின் விவரங்கள் தங்குவதற்குத் தனி இடம் வகுக்கட்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் கணிப்பொறிப் பிரிவை நடத்தப் போகிறோம். ஊழியரின் கைபேசியை விரட்டவும் வேண்டாம். இலவசமாக உழைக்க விடவும் வேண்டாம். விஞ்ஞானம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது; நியாயமும் உடன் வரட்டும்!